லங்காவி பேக்கேஜ் ஏஜெண்டுக்குப் பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கெடாவில் கோலக்கெட்டில் வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய் லங்காவி பேக்கேஜ் விற்கும் ஆளிடம் இன்னும் சில குடும்பங்கள் பணம் கட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். நாங்களும் அவரிடம் பணம் கட்டிக் குடும்பத்தோடு போய் ஏமாந்து வந்தவர்கள்தான்.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய நோட்டீஸில் இருந்தது இதுதான்: கோலக் கெடாவிலிருந்து ஃபெரி, தாயாங் புந்திங், சிங்கா பெசார், பெராஸ் பாசா என்று மூன்று தீவு, மறுநாள் கிலிம் சதுப்புநிலக் காடு, அப்புறம் புலாவ் பாயார் தீவில் ஸ்நோர்கலிங், சாப்பாடும் நுழைவுக் கட்டணமும் அடக்கம். முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார், அதுவும் கம்பெனிக் கணக்கில் இல்லை, யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த சொந்தக் கணக்கில். ரசீது கேட்டதற்கு "பேங்க் ஸ்லிப்பே போதும் அக்கா, நம்ம ஆளுங்கதானே" என்றார்.

அங்கே போனதும் முதலில் கழன்று விழுந்தது பாயார். கடல் கொந்தளிப்பாம், இன்றைக்குப் படகு விடமாட்டார்களாம். நாங்கள் ஜெட்டியில் நின்றுகொண்டிருக்கும்போதே வேறு கூட்டம் ஒன்று பாயாருக்குக் கிளம்பிப் போனது. போனில் கேட்டால் அது வேறு கம்பெனி என்று பதில், அதோடு போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

தாயாங் புந்திங் ஏரிக்குப் படியேறி மறுபக்கம் இறங்க வேண்டும், முட்டிவலிக்காரர்களுக்கு அது சிரமம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார், குரங்குகள் பையைப் பிடுங்க வர, தம்பி மகன்தான் காவலுக்கு நின்றான். நுழைவுச் சீட்டுக்கும் தனியாகக் காசு கொடுத்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது லைஃப் ஜாக்கெட். அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவளுக்குக் கொடுத்தது பெரியவர்கள் போடுவது, முன்பக்கம் கொக்கி உடைந்து நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. தோள்பட்டையில் பிடித்து லேசாகத் தூக்கினேன், காதைத் தாண்டி மேலே வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், பிள்ளை உள்ளே போய்விடும். சின்னது இருக்கிறதா என்றால், இல்லை. அண்ணி அந்தப் படகில் ஏறவே மாட்டேன் என்று பிள்ளையோடு இறங்கிக்கொண்டார், அவர் செய்ததுதான் சரி.

கிலிமில் படகோட்டி, நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். அங்கே பெரும்பாலும் ஆள்கணக்கு இல்லை, ஒரு படகுக்கு இத்தனை மணி நேரம் என்றுதான் வாடகை. நம் ஏஜெண்ட் கட்டியிருந்தது ஒரே ஒரு மணி நேரத்துக்கு! வௌவால் குகையையும் மீன் வளர்க்கும் மிதவையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இந்த ஆளுக்குச் சொந்தமாகப் படகும் இல்லை, வேனும் இல்லை, நம்மிடம் முழு விலை வாங்கி அங்கே இருப்பதிலேயே மலிவானதைப் பிடித்துக்கொடுத்து மீதியைப் பையில் போட்டுக்கொள்கிறார்.

1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, சுற்றுலா பேக்கேஜ் நடத்தி விற்பவர் சுற்றுலா அமைச்சின் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். கேபிகே எல்என் (KPK/LN) என்று தொடங்கும் அந்த எண்ணைக் கேளுங்கள், அமைச்சின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள், கணக்கு அதே கம்பெனி பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கணக்கு எண்ணைப் போலீசாரின் செமாக் மியூல் (Semak Mule) இணையப் பக்கத்தில் தட்டினால் அதன்மேல் புகார் இருந்தால் காட்டும். பிள்ளைகள் வந்தால் அவர்கள் அளவுக்கு ஜாக்கெட் உண்டா என்று எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் எதிராளியின் சரியான பெயரும் முகவரியும் வேண்டும், எங்களிடம் இருப்பது ஒரு போன் எண்ணும் அந்தக் கணக்கும்தான். போலீஸ் புகார் கொடுத்தாயிற்று. இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் ஸ்லிப்பையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போய் மனு போடுவோம்.