டிரம்மா, டிஸ்க்கா: படகு டிரெய்லரில் பிரேக் சூடாவதைப் பற்றி

காவிரிப் படுகையில் மலைப்பாதை கிடையாது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை தேடினாலும், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டிய சரிவு ஒன்றுகூடக் கிடைக்காது. அதனால் இங்கே படகு ஏற்றிய டிரெய்லரின் சக்கரம் கொதிக்கிறதென்றால், பெரும்பாலும் பிடித்த பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டிரம் வாங்கலாமா, டிஸ்க் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இரண்டுமே நன்றாகப் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் ஊறி எழுந்த பிறகு எது ஒழுங்காக விடுகிறது என்று பாருங்கள்.

நான் பேசுவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஓவர்ரன் பிரேக்கைப் பற்றி. இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் பின்னாலிருக்கும் டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில், வண்டியோடு மாட்டும் கப்ளிங் உள்ளே போய், பிரேக் எண்ணெயைக் குழாய்க்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்தும். வண்டி மறுபடி இழுத்தால் கப்ளிங் வெளியே வர வேண்டும், அழுத்தம் இறங்க வேண்டும். சீர்காழியில் கிளம்பி நாகைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊருக்கு ஊர் வேகத்தடை, ஆற்றுக்கு ஆறு பாலம். அத்தனை இடத்திலும் இது நடக்கிறது. கப்ளிங் துருப்பிடித்துப் பாதியில் நின்றாலே போதும். மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் துளை மூடியே இருக்கும். பிரேக் உரசிச் சூடான எண்ணெய் விரிந்து, டிரம்மின் ஷூவையோ டிஸ்க்கின் பேடையோ இன்னும் அழுத்தும், அது இன்னும் சூடாகும்.

டிரம்மை எடுத்துக்கொள்வோம். அது சக்கரத்தோடு சுற்றும் மூடிய பாத்திரம். உள்ளே வளைந்த ஷூக்கள் விரிந்து, மேலே ஒட்டிய லைனிங்கால் அதை உரசிப் பிடிக்கும். முத்துப்பேட்டைப் பக்கமோ கோடியக்கரைப் பக்கமோ டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கிப் படகை மிதக்க விட்டால், உள்ளே போகும் உப்புத் தண்ணீரும் சேறும் மணலும் முழுதாக வெளியே வராது. சில மாதம் சும்மா நின்ற டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். அடியில் துருவும் மணலும் லைனிங் தூளும் சேர்ந்து செம்மண் குழம்பாக அப்பியிருக்கும். ஷூவைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுருள் மட்டும் மெலிந்து நீண்டிருக்கும். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கினால் பிஸ்டனைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கும். இந்த மூன்றில் எது இருந்தாலும் ஷூ திரும்பாது. ரிவர்ஸ் எடுக்கும்போது தானாக விடும் அமைப்புள்ள டிரம்மாக இருந்தால் அந்த அமைப்பும் துருவில் இறுகும்.

டிரம்முக்குச் சாதகமும் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் லைனிங் மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள். புது லைனிங் போட்ட கையோடு ஷூவை மிக இறுக்கமாக வைத்துவிடுவதும் சூட்டுக்கு ஒரு காரணம். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால், லேசாக உரசும் சத்தத்தோடு தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

டிஸ்க் திறந்த அமைப்பு. சக்கரத்தோடு சுற்றும் தட்டைப் பேட்கள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீரை பைப்பால் அடித்தால் உப்பு பெரும்பாலும் போய்விடும். டிரம்முக்கு இது வாய்க்காது, கழுவுவதற்கென்றே தனிக் குழாய் பொருத்தியிருந்தால் தவிர. டிஸ்க் மாட்டிக்கொள்ளும் இடம், பேடைத் தாங்கி அழுத்தும் காலிப்பர். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் காய்ந்தாலும், பிஸ்டன் துருப்பிடித்தாலும் பேட் விலகாது. பேட் எப்போதுமே தட்டை லேசாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கொஞ்சம் சூடு சகஜம், இதற்குப் பயப்பட வேண்டாம்.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தம் மிச்சம் வைக்கும் வால்வு இருப்பதுண்டு. டிரம்மில் ஷூவின் ஸ்பிரிங் அதைச் சமாளிக்கும். டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் இல்லை, பேட் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். புது டிஸ்க், புது பேட், ஆனாலும் இரண்டு சக்கரமும் கொதிக்கிறது என்றால் முதல் சந்தேகம் இந்த வால்வின் மேல்தான். டிஸ்க் போட்டால் ரிவர்ஸில் பிரேக்கைத் துண்டிக்கும் மின்வால்வும் வேண்டும். அதன் ஒயர் ரிவர்ஸ் விளக்கோடு இணைய வேண்டும். இணைக்காவிட்டால் படகோடு பின்னால் போகவே முடியாது.

எதுவானாலும் கோளாறைத் தேடும் வழி ஒன்றுதான். எல்லாச் சக்கரமும் சூடா, ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால் முன்னால் பாருங்கள்: கப்ளிங், மாஸ்டர் சிலிண்டர், வால்வு. ஒன்று மட்டும் என்றால் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் இறுகிய நிலையிலேயே, அந்தச் சக்கரத்தின் பிரேக்கில் ஏர் எடுக்கும் நிப்பிளை மெல்லத் திறங்கள். எண்ணெய் துள்ளி வந்து சக்கரம் விட்டால் அழுத்தம் சிக்கியிருக்கிறது. பல சமயம் ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கி, போன எண்ணெயைத் திரும்ப விடாது. வெளியில் பார்த்தால் புதிது போலவே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றவில்லையென்றால் துரு, ஸ்பிரிங், பின், கை பிரேக் கேபிள், அல்லது பேரிங்.

பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தர வகை எண்ணெய்க்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 140 டிகிரி. நம் கடற்கரைக் காற்றில் வருடத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெயை மாற்றிவிடுங்கள். சக்கரம் சூடாக இருக்கும்போது டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கவும் கூடாது. சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப் சட்டென்று குளிர்ந்து உள்ளிருக்கும் காற்று சுருங்கும், ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த கோளாறு பேரிங்கில் வரும்.

என் கணக்கு இது. பழையாறு, நாகை, கோடியக்கரை என்று வாரந்தோறும் கடல் தண்ணீரில் சக்கரம் நனைகிறவர்களுக்கு டிஸ்க்தான், துருப்பிடிக்காத எஃகு பிஸ்டன் உள்ள காலிப்பராகப் பார்த்து வாங்கவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகைப் பட்டறைக்கு ஏற்றிப் போய்வர மட்டும் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு, சக்கரம் தண்ணீரே தொடாது என்றால், டிரம் போதும். ஆனால் பயணத்துக்கு முந்தின வாரம் கழற்றிப் பார்க்க வேண்டும். மின்சார பிரேக் வேண்டாம். காந்தமும் ஒயரும் உப்புத் தண்ணீரில் தாங்காது.

சக்கரம் சூடாகிறதே என்று ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில் பேருந்து குறுக்கே வந்தால் படகின் எடை முழுவதும் முன்னால் போகும் வண்டியைத்தான் தள்ளும்.