திருவையாறு பக்கத்து எழுத்தறிவு மையம்: பெரியவங்கள பெரியவங்களாவே நடத்துற வகுப்பு

எங்க அம்மா படிக்கிற மையம் பத்தி எழுதுறேன், வீட்ல பெரியவங்கள சேத்துவிடலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்கு உதவும். அரசாங்கத்தோட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துல நடக்குற வகுப்பு, 15 வயசு ஆன, எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாரு வேணா சேரலாம், மொத்தம் 200 மணி நேரம், காசு கிடையாது. இடம் ஊரு பள்ளிக்கூடம். சொல்லித்தர்ற பொண்ணு தன்னார்வலர், சம்பளமே இல்லாம வருது, அத மொதல்ல சொல்லிடணும்.

வகுப்ப அந்தப் பொண்ணு நடத்துற விதம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எல்லாரும் அதவிட வயசுல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு பெரியவங்க. "வாங்க பெரியம்மா, உக்காருங்கத்தை"ன்னுதான் கூப்புடும், அவங்க "டீச்சரம்மா"ங்கறாங்க. லேட்டா வந்தா ஏன்னு கேக்குறதில்ல, மாடு கட்டிட்டு ஒல வச்சிட்டுதான வரணும். புள்ளைங்க பெஞ்சுல முட்டி மடங்காம கஷ்டப்பட்டாங்கன்னு நாலு பிளாஸ்டிக் சேர் கேட்டு வாங்கிப் போட்டுச்சு. யாரையும் போர்டுகிட்ட கூப்ட்டு நிக்க வைக்காது, அவங்கவங்க சிலேட்டுல எழுதுவாங்க, பக்கத்துல போயி குனிஞ்சு மெதுவா திருத்தும். தப்பு பக்கத்துல இருக்குறவங்களுக்குக்கூட தெரியாது. வாய்க்கா தகராறுல பேசிக்காத ரெண்டு வீட்டுப் பொம்பளைங்க ஒரே வகுப்புல இருக்காங்க, ஒண்ணும் சொல்லாம ஆளுக்கு ஒரு ஓரமா உக்கார வச்சிருச்சு, இப்ப ஒருத்தர் சிலேட்டுக்குச்சிய இன்னொருத்தர் வாங்கி எழுதுறாங்க.

அ ஆவுல ஆரம்பிக்கல. ட, ப, ம னு நேர்கோடு அதிகமா வர்ற எழுத்து மொதல்ல, அருவா புடிச்ச கைக்கு அது சுலபமா வருது. படம், மடம், பட்டம்னு சீக்கிரமே வார்த்தை எழுதிட்டாங்க. அப்பறம் பஸ் போர்டு. நம்ம பக்கம் பாதி ஊரு திருவுலதான தொடங்குது, திருவையாறு, திருவாரூர், திருக்காட்டுப்பள்ளி எல்லாம் அம்மாவுக்கு ஒண்ணாவே தெரிஞ்சுது. "திருவ வெரலால மூடிட்டு மிச்சத்த பாருங்க"ன்னு சொல்லிக் குடுத்துருக்கு. இப்ப அம்மா பஸ் ஸ்டாண்டுல யாரையும் கேக்குறதில்ல, கைய தூக்கி அந்தரத்துல மறைச்சுப் பாத்துட்டு ஏறிடுது, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

கணக்கு இன்னும் நல்லா. நெல்லு கொள்முதல் நிலையத்துல ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ, 12 சிப்பம் போட்டா எத்தன கிலோன்னு கேட்டா பேப்பரே இல்லாம 480னு ஒரு பெரியம்மா சொல்லிடும். கணக்கு தெரிஞ்சவங்கதான், எழுத வராது அவ்ளோதான். அதனால வாயால விடைய வாங்கிட்டு, அதையே எண்ணா எழுத வைக்கும். தெரியாதவங்கன்னு நெனச்சு தொடங்குறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம். டவுன்ல ஒரு எடத்துல நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் போனப்ப எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வச்சு கேள்வி கேட்டாங்க, பணம் கட்டியும் பாதியில நின்னுட்டேன்.

மேட்டூர் தொறந்து தண்ணி வந்து குறுவை நடவு ஆரம்பிச்சதும் வகுப்புல ஆளு கொறஞ்சுது. அந்தப் பொண்ணு அவங்களையே கேட்டுது, எப்ப வச்சா வருவீங்கன்னு. ராத்திரி ஏழரைன்னு அவங்களே முடிவு பண்ணாங்க, அவங்க சொன்ன நேரங்கறதால வரவும் வந்தாங்க.

கொறைன்னா, ராத்திரில கக்கூஸ் பூட்டியே கெடக்கு, வயசான பொம்பளைங்களுக்கு இது பெரிய கஷ்டம், ரெண்டு பேரு இதுக்காகவே நின்னுட்டாங்க. சாவிய அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்து வைக்கலாம். ட்யூப்லைட்டு ஒண்ணுதான், கடைசி வரிசைக்கு போர்டு தெரியல. முடிவுல படிக்க, எழுத, கணக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் 50, மொத்தம் 150 மார்க்குக்கு ஒரு தேர்வு இருக்கு, பரீட்சைங்கற பேரக் கேட்டே பயப்படுறாங்க, முன்னாடியே ஒரு தடவ வகுப்புலயே எழுத வச்சுப் பழக்குனா நல்லது.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், கொறையுற ஒண்ணு அந்தப் பூட்டுக்கு. உங்க ஊர்ல நடக்குதான்னு பள்ளிக்கூட ஹெச்.எம்.கிட்ட கேளுங்க. சேக்குறதுக்கு முன்னாடி கண்ண டெஸ்ட் பண்ணி ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்துருங்க, எழுத்து தெரியலன்னு சொல்ற நெறய பேருக்கு கண்ணுதான் தெரியல.