டிஸ்கரேஜா, டிமாரலைஸா, டிப்ரஸ்ஸா: எதை எங்கே சொல்வது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் வருத்தத்தைச் சொல்ல இரண்டே இங்கிலீஷ் சொற்கள்தான் அதிகம் புழங்குகின்றன: அப்செட், டிப்ரஸ்டு. சாம்பிள் திரும்பி வந்தால் அப்செட், முதலாளி சத்தம் போட்டால் டிப்ரஸ்டு. வீட்டில் நாம் இப்படியா பேசுகிறோம்? வெசனமா இருக்குது, சங்கடமாப் போச்சுங்க, மனசு விட்டுப்போச்சு என்று இடத்துக்குத் தக்கபடி மாற்றித்தானே சொல்கிறோம்! இங்கிலீஷிலும் அப்படி மாற்றிச் சொல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன. எவ்வளவு வருத்தம் என்று அளக்க வேண்டாம். அடி எதில் விழுந்தது என்று பார்த்தால் போதும், சரியான சொல் கிடைத்துவிடும்.

அதிகம் குழப்புகிற ஜோடி டிஸ்கரேஜும் டிஸ்ஹார்ட்டனும். பிறப்பில் இரண்டும் ஒன்றுதான். கரேஜ் என்பது இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஹார்ட் இங்கிலீஷின் சொந்தச் சொல். ஆனால் புழக்கத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன.

டிஸ்கரேஜ் பெரும்பாலும் செயலைத் தடுக்கிற சொல். கோயமுத்தூரில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிற பெண்ணிடம், "உனக்கெதுக்கு கண்ணு அவ்வளவு தூரம், பேசாம உள்ளூர்லயே பாரு" என்று பெரியவர் சொல்கிறாரே, அது டிஸ்கரேஜ். பாசத்தோடு சொன்னாலும் அதுதான். வருத்தமே இல்லாத இடத்திலும் இது வரும்: புகைப்பதைக் குறைக்க அரசு சிகரெட் வரியை ஏற்றினால் அதுவும் டிஸ்கரேஜ்தான். இலக்கணத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'டிஸ்கரேஜ்டு மீ டு அப்ளை' என்று நம் ஆட்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். 'டிஸ்கரேஜ்டு மீ ஃப்ரம் அப்ளையிங்' என்பதுதான் சரி.

டிஸ்ஹார்ட்டனில் யாரும் உங்களைத் தடுப்பதில்லை. நீங்கள் பாடுபட்டுக்கொண்டிருக்கிறீர்கள், பலன்தான் கைகொடுக்கவில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் 2016 வாக்கில் வந்த சுருள் வெள்ளை ஈயை நினைத்துப் பாருங்கள். ஓலையைத் திருப்பினால் அடிப்பக்கம் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. கீழடுக்கு ஓலைகளின் மேல் கரி பூசினாற்போலப் பூசணம். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, விசையாகத் தண்ணீர் பீய்ச்சி, ஒட்டுண்ணிக் குளவியும் விட்ட பிறகு மறுபடி ஓலை வெளுத்தால் அந்த விவசாயிக்கு வருவது டிஸ்ஹார்ட்டனிங். அவர் தோப்பை விட்டுவிடப் போவதில்லை. நெஞ்சில் இருந்த ஊக்கம்தான் வடிந்துபோகிறது. இந்த வித்தியாசத்துக்காகவே எனக்கு இந்தச் சொல்லின் மேல் தனி மரியாதை.

டிமாரலைஸ் தனி ஒருவருக்கும் வரும். ஆனால் ஒரு கூட்டத்துக்குச் சொல்லும்போதுதான் அதன் முழு பலம் தெரியும். 1790களில், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தபோது இதற்கு ஒழுக்கத்தைக் கெடுப்பது என்றுதான் பொருள். படையின் மன உறுதியைக் குலைப்பது என்ற பொருள் பின்னால், 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. இன்று டீம், ஆபீஸ், தொழிற்சாலை என்று எங்கும் அந்தப் பொருள்தான். தையல் லைனில் ஒரு சூப்பர்வைசர், தையல் கோணிய பீஸைத் தூக்கி எல்லார் முன்னாலும் மேசையில் வீசுகிறார் என்று வையுங்கள். தைத்த ஆளுக்கு நேர்ந்தது அவமானம். அதற்கு ஹ்யுமிலியேட் என்ற சொல் உண்டு. பார்த்துக்கொண்டிருந்த மொத்த லைனும் அன்று சாயங்காலம் வரை வாய்திறக்காமல், அக்கறையில்லாமல் ஓட்டுகிறதே, அது டிமாரலைஸ். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நின்றுபோன கம்பெனிகளின் நிலைமைக்கும் இந்தச் சொல்தான் பொருந்தும்.

டிப்ரஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். கீழே அழுத்துவது என்பதுதான் அதன் மூலப் பொருள். கொப்பரை விலை அழுந்திக் கிடந்தால் டிப்ரஸ்டு ப்ரைசஸ் என்று தாராளமாக எழுதலாம். செய்தியை டிப்ரஸ்ஸிங் என்றாலும் தப்பில்லை. ஆனால் டிப்ரஷன் என்பது மருத்துவர்கள் சிகிச்சை கொடுக்கிற நோய். லீவு கிடைக்காததற்கெல்லாம் 'ஐ ஆம் டிப்ரஸ்டு' என்று சொல்லிப் பழகிவிட்டால், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு ஒருவர் உண்மையாகவே அதைச் சொல்லும்போது நம் காதில் ஏறாது. லீவுக்கு அப்செட் போதும்.

டிஸ்பிரிட்டும் டிஸ்ஹார்ட்டனும் ஏறக்குறைய ஒன்று. டிஜெக்டட் முகவாட்டத்துக்கு. டாண்ட் என்பது வேலையின் அளவைப் பார்த்தே மலைக்க வைப்பது. சேடன், அதாவது துயரப்படுத்துவது, பெரும்பாலும் இரங்கல் செய்திக்கு.

கடைசியாக, மெயில் எழுதுகிறவர்களுக்கு ரொம்பவும் தேவையான ஜோடி: டிஸ்அப்பாயின்ட், லெட் டவுன். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் முதலாவது. நம்பினவர் கைவிட்டால் இரண்டாவது. "வெள்ளிக்கிழமை துணி வந்துருமுங்க" என்று சாயப்பட்டறைக்காரர் சொன்னதை நம்பி நீங்கள் ஷிப்மென்ட் தேதி கொடுத்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை அவர் போனையே எடுக்கவில்லை. அவர் செய்தது லெட் டவுன். சரக்கு வாங்குகிற பையரிடம் குறை சொல்ல வேண்டியிருந்தால் 'வீ ஆர் டிஸ்அப்பாயின்ட்டட்' என்பதோடு நிறுத்துங்கள். 'யூ லெட் அஸ் டவுன்' என்றால் ஆளையே குற்றம் சாட்டுவதாகிவிடும். தப்பு நம் பக்கம் இருந்தால் மட்டும் தயங்காமல் 'வீ லெட் யூ டவுன்' என்று எழுதி, புதுத் தேதியை அடுத்த வரியிலேயே கொடுத்துவிடுங்கள்.