கரண்ட் லைனுக்குக் கீழே இருக்கும் நிலத்துக்கு மனை விலை: வீட்டை ஒட்டி இடம் வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் விலைக்கு வருகிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். விட்டால் மறுபடி கிடைக்காது என்று பெரியவர்களும் சொல்வார்கள். அந்த ஆசையை வைத்துத்தான் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் குடும்பத்திடம் ஒரு புரோக்கரும் நிலத்துக்காரரும் சேர்ந்து பணம் பிடுங்கினார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் ரோட்டோரமெல்லாம் மனை போட்டுக்கொண்டே போகிறார்கள். மனைக்கு ஆகாத துண்டு நிலங்கள் அங்கங்கே மிஞ்சுகின்றன. இன்னொரு குடும்பம் இதில் மாட்டக்கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் காம்பவுண்டு சுவருக்குக் கிழக்கே நீளவாக்கில் ஒரு துண்டு. அதைத் தாண்டினால் ஓடை. மேலே 110 கிலோவோல்ட் லைன் போகிறது. இந்த வகை லைனுக்கு 22 மீட்டர் அகலம், அதாவது நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 11 மீட்டர், வழித்தடமாகக் கணக்கு. துண்டு முழுக்க அதற்குள் அடங்கிவிடும். வீடு கட்ட முடியாது. தென்னையோ மாவோ வைத்தால் உயர்ந்ததும் வெட்டிவிடுவார்கள். மாட்டுக்குத் தீவனப்புல் போடலாம், முல்லை வைக்கலாம், மழைத்தண்ணீர் வடிய வழி விடலாம். எங்களுக்கும் அவ்வளவுதான் தேவை.

புரோக்கர் சொன்னது சதுர அடி 700 ரூபாய். எங்கள் தெருவில் அங்கீகாரம் பெற்ற மனை போகிற விலை அது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் சென்ட் 3 லட்சத்தைத் தாண்டும். மொத்தம் 6 சென்ட், 18 லட்சம் என்றார். “கட்ட முடியாத இடத்துக்கு மனை ரேட்டா?” என்று அப்பா கேட்டதற்கு, “உங்க வீட்டோட சேர்ந்துட்டா அதுவும் மனைதானுங்களே” என்றார். அம்மாவிடம் தனியாக வேறு பேச்சு: “சிக்கன் கடை வைக்க ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரும்மா. அப்புறம் நாத்தத்துல நீங்கதான் கஷ்டப்படணும்.” தெருவிலிருந்து அந்தத் துண்டுக்குப் போக எங்கள் வாசலை விட்டால் வழியே இல்லை. அங்கே யாரும் கடை வைக்க முடியாது என்று தெரிந்தேதான் அம்மாவைப் பயமுறுத்தினார். வயதானவர்களிடம் இப்படிப் பேசுவதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சலுகை என்று சொல்லி 12 லட்சத்துக்கு இறங்கினார்கள். பட்டா கேட்டோம். அசல் பத்திரமெல்லாம் பேங்கில் அடமானத்தில் இருக்கிறது, கிரயத்தன்று வந்துவிடும் என்று ஒரு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். அதில் 6 சென்ட்டுக்குக் குறையாமல்தான் பரப்பு இருந்தது. அது உட்பிரிவு ஆவதற்கு, அதாவது நிலத்தைப் பிரித்துத் தனி எண் கொடுப்பதற்கு, முந்தைய பழைய பட்டா என்பதை மறைத்துவிட்டார்கள். 2 லட்சம் அட்வான்ஸ், புரோக்கருக்குத் தனியாக 25,000.

அளந்தால்தான் கிரயம் என்று அப்பா உறுதியாகச் சொன்னதில்தான் மீதிப் பணம் தப்பியது. சர்வேயர் டேப்பை இழுத்துக்கொண்டு வந்து நின்ற இடத்தில் செங்கல் துண்டும் உடைந்த ஓடுமாக இடிபாட்டு மண் குவிந்திருந்தது. அதை வாரித் தள்ளி, கடப்பாரையால் ஒரு முழம் குத்தியதும் எல்லைக்கல்லின் தலை தெரிந்தது. சுவரிலிருந்து 8 மீட்டர். புரோக்கர் எங்களை நிறுத்திக் கைகாட்டியது 12 மீட்டர், ஓடைக்கரை வரைக்கும். நடுவில் இருந்த 4 மீட்டரும் ஓடைப் புறம்போக்கு.

சர்வேயர் சொன்ன உட்பிரிவு எண்ணை வைத்து வருவாய்த்துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளத்தில் பார்த்தோம். இப்போதைய பட்டாவில் பரப்பு 0 - 1.60, அதாவது 1.60 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். அப்படியானால் 4 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்திலும் அதே 8 மீட்டர்தான். ஊரின் நிலங்களையெல்லாம் பதிந்து வைக்கும் அ-பதிவேட்டில் ஓடைக்குத் தனிப் புல எண். நிலத்துக்காரரின் கிரயப் பத்திரத்துக்கு நகல் போட்டு எடுத்தபோது, நான்கு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் ‘ஓடைப் புறம்போக்குக்கும் மேற்கு’ என்று எழுதியிருந்தது. அவருக்கு முதல் நாளே தெரியும். அந்தப் புறம்போக்கை நாங்கள் வேலி போட்டு வளைத்திருந்தால், 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் எங்கள் பெயருக்குத்தான் வந்திருக்கும்.

சரி, இப்படிப்பட்ட நிலத்துக்கு நியாயமான விலை என்ன? பேங்குக்கு மதிப்பீடு செய்து தரும் ஒரு பொறியாளரிடம் கேட்டோம். அவர் முதலில் கேட்டது, நாம் வாங்காவிட்டால் நிலத்துக்காரருக்கு வெளியில் என்ன கிடைக்கும் என்பது. எங்கள் பக்கம் தண்ணீர் வசதியுள்ள கொல்லை ஏக்கர் 40 லட்சம் வாக்கில் போகிறது, சென்ட் 40,000. வழியில்லாத, லைன் போகிற துண்டுக்கு அதுவே அதிகம். அப்படியே வைத்தாலும் 4 சென்ட்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம். அடுத்து, அதைச் சேர்த்தால் நம் வீடு எவ்வளவு கூடுதலாக விற்கும் என்று பார்க்கச் சொன்னார். காற்றும் வெளிச்சமும் அடைபடாது, வேறு யாரும் ஒட்டி வரமாட்டார்கள், தோட்டம் இருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று, மூன்றரை லட்சம் கூடலாம் என்றார். அதில் பத்திரச் செலவு, அளவைக் கட்டணம், வேலிச் செலவு எல்லாம் கழிய வேண்டும். ஆக எப்படிப் பார்த்தாலும் இரண்டிலிருந்து இரண்டரை லட்சத்துக்குள்தான் பேச்சு நடக்க வேண்டிய நிலம் அது. அதற்கு 12 லட்சம்.

எங்களைவிட அந்த நிலத்தை வாங்கப் பொருத்தமான ஆள் கிடையாது என்பது உண்மை. புரோக்கர் அதைச் சொல்லித்தான் விலையை ஏற்றினார். ஆனால் எங்களை விட்டால் அவர்களுக்கும் வேறு ஆள் கிடையாது. பேரத்தில் இந்தப் பாதியை அவர்கள் வாயிலிருந்து நீங்கள் கேட்கவே மாட்டீர்கள்.

வழிகாட்டி மதிப்பையும், அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பையும், பார்த்துவிடுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் புல எண்ணைப் போட்டால் வரும். எங்கள் துண்டுக்கு விவசாய நில மதிப்புதான் இருந்தது. சில இடங்களில் கட்ட முடியாத துண்டுக்கும் பக்கத்து மனையின் சதுர அடி மதிப்பு ஏறியிருக்கும். அப்போது நீங்கள் குறைந்த விலைக்கு வாங்கினாலும் முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அந்தப் பெரிய மதிப்புக்குத்தான் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பத்திரம் இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின் கீழ் மதிப்பு நிர்ணயத்துக்குப் போகும், முடிய நாளாகும். அந்தச் செலவு உங்கள் தலையில் விழுவதால் விலை பேசும்போதே அதைக் கழித்துப் பேசுங்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது, “நீங்கதான் பின்வாங்கறீங்க, அட்வான்ஸ் போச்சு” என்றார் நிலத்துக்காரர். வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினோம். 1882-ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, வாங்குபவர் நியாயமான காரணத்தோடு மறுத்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே அவருக்குப் பாத்தியம் உண்டு என்று வக்கீல் விளக்கினார். நோட்டீஸ் போன பிறகு ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 1 லட்சத்து 25 ஆயிரம் வந்தது. மீதி 75,000-க்கு வழக்குப் போடப் போகிறோம். புரோக்கர் போனை எடுப்பதே இல்லை.

எங்கள் பின்தெருவில் ஒரு குடும்பத்திடம் அதே இடத்தை இப்போது காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டோம். காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் ஓடையோரம், லைனுக்குக் கீழே, ‘6 சென்ட்’ என்று யாராவது உங்களைக் கூட்டிப் போனால், ஜெராக்ஸை நம்பாமல் உட்பிரிவு எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டாவில் 1.60 ஏர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது இந்த இடம்தான்.