முதுகு, வெயில், எல்லை

பிழை திருத்துவது என் தொழில். பதிப்பகத்திலிருந்து வரும் மெய்ப்புகளைப் 16 பக்கம் கொண்ட பாரம் பாரமாகப் படிப்பவள் நான். கதைக்குள் மூழ்கிவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. மூழ்கினால் ஒற்று விட்டுப்போகும். சில ஆண்டுகளாக ஒரே வகை நாவல் என் மேசைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நாற்பதை ஒட்டிய ஒரு பெண். மணமுறிவு, இல்லையென்றால் வேலை போயிருக்கும். பாட்டியோ பெரியம்மாவோ இறந்துபோக, இவள் பெயருக்குத் தொலைதூரத்தில் ஒரு வீடு வந்து சேரும். கடல் தாண்டிப் போவாள். பரணில் ஒரு பெட்டி இருக்கும், பெட்டிக்குள் ஒரு கடிதக்கட்டு. பன்னிரண்டாவது பாரம் முடிவதற்குள், அதாவது 192ஆம் பக்கத்துக்குள், அம்மாவின் உண்மையான அப்பா வேறொருவர் என்பது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் தச்சு வேலை தெரிந்த, மனைவியை இழந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு ஒரு நாயும் உண்டு.

கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். வேலைக்காகப் படித்தது போக, காசு கொடுத்தும் இவற்றை வாங்கிப் படித்திருக்கிறேன். வீட்டை விட்டு நாலு நாள் தனியாகப் போனால்தான் தன் பசி எது, பிறர் பசி எது என்று பிரித்துப் பார்க்க முடிகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தக் கதை சலிக்காது. இந்தக் கதையில் பயணம் என்கிற பாதி நூறாண்டுப் பழசு. 1922இல் வெளிவந்த எலிசபெத் வான் ஆர்னிமின் ‘தி என்சாண்டட் ஏப்ரல்’ நாவலில், லண்டன் மழையில் நொந்துபோன இரண்டு பெண்கள் ஒரு செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து, இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, இத்தாலியில் ஒரு கோட்டையை ஏப்ரல் மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். அருமையான நாவல். கடைசியில் கணவர்களும் அங்கேயே வந்து சேர்ந்துவிடுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதிலும் ஒருவர் மனைவியைத் தேடி வரவில்லை. அதே வீட்டில் தங்கியிருக்கும் வேறொரு அழகியைப் பார்க்க வந்தவர்!

என் மனக்குறை பயணத்தைப் பற்றியதல்ல, ரகசியத்தைப் பற்றியது. இவ்வகை நாவல்களில் ரகசியம் பெரும்பாலும் செத்துப்போனவருக்குச் சொந்தமாக இருக்கும். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார். கடிதத்தை எப்படி வேண்டுமானாலும் படித்து, அழுது, தெளிந்து, கதாநாயகி தன் வாழ்க்கையைப் பார்த்துப் போய்விடலாம். பக்கத்து அறையில் எண்பது வயதில் ஒருத்தி உயிரோடு படுத்திருந்தால்? அவளிடம் யார் கேட்பது?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’யை டெய்ஸி ராக்வெலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். இந்தியில் 2018இல் வந்தது. ‘டூம் ஆஃப் சாண்ட்’ என்ற பெயரில் 2022இல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கியது. இந்திய மொழி ஒன்றிலிருந்து போய் அந்தப் பரிசைப் பெற்ற முதல் நாவல். ஆங்கிலப் பதிப்பு 700 பக்கத்துக்கு மேல். கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது, மணிக்கட்டு வலிக்கும். தலையணை மேல் வைத்துக் குப்புறப் படுத்துதான் படித்தேன்.

வடஇந்தியாவில் ஓய்வுபெறப் போகும் அரசு அதிகாரி ஒருவரின் வீடு. அவருடைய அம்மாவுக்கு எண்பது வயது. கணவர் இறந்த பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுகிறாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். மகன், மருமகள், பேரன் என்று ஒவ்வொருவராக வந்து கூப்பிட, அவர்களுக்குத் தெரிவதெல்லாம் முதுகு. முதல் பாகத்துக்கே ‘முதுகு’ என்றுதான் பெயர். அடுத்தது ‘வெயில்’, மூன்றாவதன் தலைப்பில் வரம்பும் எல்லையும் சேர்ந்தே வருகின்றன. நாவலின் நடையைக் காட்ட ஓர் இடம் போதும். ‘இல்லை, எழுந்திருக்க மாட்டேன்’ என்று முனகுகிறாள். இந்தியில் இல்லை என்பதற்கு ‘நஹீ’. புதியவள் என்பதற்கு ‘நயீ’. வாய்க்குள்ளேயே முனகி முனகி ‘நஹீ’ தேய்ந்து ‘நயீ’ ஆகிறது. எழமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த கிழவி, புதியவளாக எழுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. ஓர் எழுத்து விட்டுப்போவதைப் பிழை என்று வட்டமிட்டே பழகிய எனக்கு, ஓர் எழுத்து தேய்ந்ததில் ஒரு வாழ்க்கை புரண்டதைப் பார்த்து, பென்சிலைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

வெளிநாட்டிலிருக்கும் பேரன் தந்த வண்ணத்துப்பூச்சி போட்ட மடக்குக் கைத்தடியோடு அவள் ஒரு நாள் காணாமல் போகிறாள். கிடைத்த பிறகு மகள் வீட்டுக்குப் போகிறாள். இங்கேதான் நாவல் என்னை அசைத்தது. மகள் கல்யாணம் செய்துகொள்ளாதவள், தனியாக வாழ்பவள், எழுதுபவள். வழக்கமான நாவலாக இருந்தால் தன்னைக் கண்டடைகிற பெண் அவள்தான். இங்கே அம்மா நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டே போக, மகள் மாத்திரை, குளியல், கதவுத்தாழ்ப்பாள் என்று கணக்குப் பார்க்கும் அம்மாவாகிவிடுகிறாள். அம்மாவைப் பார்க்க ரோஸி என்ற திருநங்கை வருகிறாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் சிநேகத்தை மகளால் ஏற்கவும் முடியவில்லை, ஏற்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. சுதந்திரமானவள் என்று தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் கூச்சப்படுகிறது. அந்தக் கூச்சத்தை எழுதியிருக்கும் விதத்துக்காகவே இன்னொரு முறை படிக்கலாம்.

இனி ரகசியத்தைச் சொல்லப்போகிறேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்த இரண்டு பத்திகளையும் தாண்டிவிடலாம், ஆனாலும் இந்த நாவல் ரகசியத்தை நம்பி ஓடுவதல்ல. அம்மா பாகிஸ்தானுக்குப் போக வேண்டும் என்கிறாள். மகளும் கூடப் போகிறாள். வாகா எல்லையில் மண்ட்டோவும் கிருஷ்ணா சோப்தியும் இந்திஜார் ஹுசைனும் பிரிவினையைப் பற்றி எழுதிய மற்றவர்களும் பாத்திரங்களாகவே வந்து நிற்கும் ஒரு விசித்திரமான அத்தியாயம் உண்டு. லாகூரைத் தாண்டி, தங்கள் விசாவில் இல்லாத கைபர் பக்கம் போய், பிடிபடுகிறார்கள். விசாரணையில்தான் தெரிகிறது: பிரிவினைக்கு முன்பு அவள் பெயர் சந்தா. அன்வர் என்பவரின் மனைவி. அவரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

இரு நாடுகளும் ஒன்று மற்றதன் மக்களுக்குத் தந்துவந்த விசா ஊர் பெயரைக் குறிப்பிட்டுத் தரப்பட்டது. அதில் எழுதாத ஊருக்குப் போவது குற்றமாக இருந்தது. ஆனால் அவள் இந்தப் பக்கம் துரத்தப்பட்ட 1947இல் விசாவே கிடையாது. எல்லை தாண்ட பெர்மிட் 1948இல் வந்தது, பாஸ்போர்ட்டும் விசாவும் 1952இல். வரும்போது யாரும் கேட்காத காகிதத்தைத் திரும்பப் போகும்போது கேட்கிறார்கள் என்ற அபத்தத்தின் மேல்தான் அந்த விசாரணைக் காட்சி நிற்கிறது. எல்லை என்றால் என்ன என்று அதிகாரிகளுக்குக் கிழவி பாடம் எடுக்கிறாள். கைக்குட்டைக்கு ஓரம் உண்டு, மேசைவிரிப்புக்குக் கரை உண்டு, அவை அழகுக்கு என்கிற போக்கில் நீளும் பேச்சு. கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வயதில், அந்த இடத்தில், பேச விட்டால் யார்தான் சுருக்கமாகப் பேசுவார்கள்?

கடிதக்கட்டு நாவல்களோடு இதை வைத்துப் பார்க்கிறேன். அங்கே மகளோ பேத்தியோ ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்ததால் அவளுக்கு விடிவு வருகிறது. இங்கே மகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பது சொச்சம் ஆண்டுகள் தன்னோடு இருந்தவள் யாரென்றே தெரியாமல், காவலில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எந்தத் தெளிவும் வருவதில்லை. அதை ஆசிரியர் வலிந்து வரவழைக்கவும் இல்லை.

குறைகள் உண்டு. கதவு பேசுகிறது, சேலைகளுக்கு நீண்ட பட்டியல் வருகிறது, வாக்கியம் தன் போக்கில் ஊர்சுற்றிவிட்டுத் திரும்புகிறது. முதல் நூறு பக்கங்களில் இரண்டு முறை மூடிவைத்தேன். காக்கைகள் கூட்டம் போட்டு விவாதிக்கும் பகுதிகளில் எனக்குப் பொறுமை போயிற்று. பெட்டி, கடிதம், தச்சர் என்று சுகமாக ஓர் இரவில் முடிக்க நினைப்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். இரண்டு மாதம் ஆகும். எனக்கு ஆயிற்று.

இரண்டு மாதம் ஆனதற்கு இன்னொரு காரணம் என் அம்மா. கண்புரை அறுவைக்குப் பிறகு அவளால் சிறிது நாள் படிக்க முடியவில்லை. நான் படித்ததை மாலையில் தமிழில் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். கிழவி முதுகைக் காட்டிப் படுத்த இடத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காவலில் இருக்கும்போது கிழவி குப்புற விழாமல் மல்லாந்து விழுவதற்குப் பயிற்சி எடுக்கும் இடம் வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னாள். போன வருடம் குளியலறையில் முகம் அடிபட விழுந்தவள் அவள்.

“எப்படி விழுகிறாள் என்று எழுதியிருக்கிறதா? சரியாகப் படி.”

படித்தேன். பிறகு, சந்தா கதை முடிந்த அன்று, துணிந்து கேட்டேன்: “கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு ஏதாவது…”

“முதலில் இதை முடி” என்றாள்.

மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்கிறாள், இப்போது அதுதான் நடக்கிறது. நேற்று காக்கை வரும் பக்கங்களைத் தாண்டிப் போகப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டாள். “அந்தக் காக்கை என்னவாயிற்று?” என்று கேட்டு, நான் திரும்பப் போய் எடுக்கும் வரை அடுத்த வரியைப் படிக்க விடவில்லை.