மலைக்குப் போகும் சைக்கிள்: சீட் உயரத்துக்குக் குதிகாலா, கணக்கா?

சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்குப் பரவலாகப் புழங்கும் வழிகள் இரண்டு. எளிதானது குதிகால் முறை. சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். கொடைக்கானல் ஏரியை வாடகை சைக்கிளில் சுற்ற இது தாராளம். சுமார் 5 கிலோமீட்டர்தான், பெரிய ஏற்றமும் இல்லை.

இன்னொன்று கணக்கு. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கவட்டையிலிருந்து தரை வரை அளந்து 0.883 ஆல் பெருக்க வேண்டும். வருவது க்ராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்புறம் வரையான உயரம். 80 செ.மீ. கால் என்றால் 70.6 செ.மீ. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் வழியாகப் பிரபலமானது இது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ ஏறுபவருக்கு என் ஓட்டு கணக்குக்கே. குதிகால் முறையில் சீட் சற்றுத் தாழ்ந்துவிடுவதுண்டு. மணிக்கணக்கில் உட்கார்ந்தே மிதிக்கும்போது அந்தத் தாழ்வு முழங்காலின் முன்பக்கத்தில் வலியாக வரும். ஆனால் கணக்குக்கு ஷூ அடியின் தடிமனும் க்ராங்க் நீளமும் தெரியாது. அதனால் வைத்த பிறகு ஓட்டிப் பாருங்கள். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் 5 மி.மீ. இறக்குங்கள்.

சரி, உயரத்தோடு வேலை முடிவதில்லை. மலையில் சீட்டின் சாய்வும் அதே அளவு முக்கியம், பலர் இதைத் தொடுவதே இல்லை. நீலகிரி மலை ரயில் பாதையின் அதிகபட்ச ஏற்றம் சுமார் 8 சதவீதம், கோணத்தில் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அப்படியொரு ஏற்றத்தில், சமதளத்தில் மட்டமாக வைத்த சீட்டின் மூக்கும் அதே அளவு மேலே தூக்கும். ஆள் பின்னால் வழுக்குவார், கவட்டை மரத்துப்போகும். மூக்கை இரண்டு டிகிரி போலக் கீழே சாய்த்தால் நிம்மதி. அதற்கு மேல் சாய்த்தால் இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுக்கக் கைகளில் விழும்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதென்றால் இரண்டு முறையுமே உதவாது. அங்கே சீட்டை இரண்டு சென்டிமீட்டர் இறக்கிக்கொள்வதே நல்லது. பழைய உயரத்தை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும், சீட் குழாயில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது. அவ்வளவு உயரம் தேவைப்பட்டால் அந்த சைக்கிள் உங்களுக்குச் சின்னது.