தேர்வே இல்லாத சங்கத்துக்கு ₹38,500 கட்டினேன்: கோல்ஃப் பயிற்சியாளர்கள் கவனத்துக்கு

சென்னையில் கோல்ஃப் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்கள், குறிப்பாகக் கேடியாக இருந்து பயிற்சியாளரானவர்கள், ‘சர்வதேசத் தொழில்முறைச் சங்கம்’ என்று சொல்லிக்கொண்டு யாராவது உறுப்பினர் படிவத்தை நீட்டினால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். (கேடி என்பவர் ஆட்டக்காரரின் பையைச் சுமப்பவர்; காவல் நிலையப் பலகையில் படம் ஒட்டப்படுபவர் அல்லர். பெண் பார்க்கப் போன வீட்டிலும் இந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.)

கிண்டியிலும் நந்தனத்திலும் பதினோரு ஆண்டுகள் பை சுமந்தபின், இப்போது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) சொல்லிக்கொடுக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. மாணவர் தரும் கட்டணத்தில் ரேஞ்சுக்கு ஒரு பங்கு போக மீதிதான் எனக்கு. எழுத்தில் ஒப்பந்தமோ காப்பீடோ சான்றிதழோ எதுவும் இல்லாத இந்த நிலையை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் அந்த நபர் என்னைத் தேடி வந்தார். தியாகராய நகரில் ஓர் உணவகத்தில் உட்காரவைத்து, வெளிநாட்டு வேலை, காப்பீடு, சட்ட உதவி, நலநிதி என்று வண்ணத்தாளில் அச்சிட்ட பட்டியலைக் காட்டினார். தேர்வு ஏதும் உண்டா என்று கேட்டேன். “உங்கள் அனுபவத்துக்குத் தேர்வு எதற்கு மாஸ்டர்?” என்றார். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய அந்த இடத்தில் பெருமைதான் வந்தது. ₹38,500-ஐ இரண்டு தவணையாக யுபிஐ மூலம் அனுப்பினேன். கழுத்தில் தொங்கவிடும் நாடாவும், மின்னும் ஹாலோகிராமும், பின்புறத்தில் ‘பொறுப்புக் காப்பீட்டு எண்’ என்று ஒரு நீண்ட எண்ணுமாக அட்டை கூரியரில் வந்து சேர்ந்தது.

நான்கு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவர் 7-ஆம் எண் அயர்ன் மட்டையை வீசியபோது, பந்து மட்டையின் முகத்தில் படாமல் கழுத்தில் பட்டு வலப்பக்கமாகச் சீறிப் பாய்ந்து, பந்து பொறுக்கும் தம்பியின் மணிக்கட்டைத் தாக்கியது. எலும்பில் விரிசல். சிகிச்சைக்கு ₹26,000 ஆயிற்று. ரேஞ்ச் உரிமையாளர் என் அட்டையைக் கேட்டார். நான் சங்கத்துக்கு அழைத்தேன். எண் பயன்பாட்டில் இல்லை என்றது. காப்பீட்டு அலுவலகத்துக்கே நேரில் போய் அட்டையை நீட்டியபோது, கவுன்டரில் இருந்த அம்மா கணினியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இது டூ வீலர் பாலிசி நம்பர் சார்” என்றார். செலவில் பாதியை நான் கொடுத்தேன்.

உண்மையான சங்கம் என்ன செய்யும் என்பதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1901-இல் கோல்ஃப் தொழில்முறையாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, அதற்குள் மூன்று முறை பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றிருந்த ஜே.எச். டெய்லரைத் தலைவராக்கினார்கள். உறுப்பினர்களின் தொழில் நலனைக் காப்பது, நலிந்தவருக்கு நலநிதி ஏற்படுத்துவது, வேலை தேடித் தருவது ஆகியவை அதன் தொடக்ககால நோக்கங்களிலேயே இருந்தன. என்னிடம் காட்டிய வண்ணத்தாளிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். அந்த ஆள் வரலாறு படித்தவர் போலிருக்கிறது. ஆனால் அத்தகைய சங்கங்களில் ஆட்டத் திறனையும் சொல்லிக்கொடுக்கும் திறனையும் சோதிக்காமல் யாரையும் பயிற்சியாளராக ஏற்பதில்லை. அமெரிக்கச் சங்கத்தின் ஆட்டத் திறன் தேர்வில் குறிப்பிட்ட அடிகளின் எண்ணிக்கைக்குள் ஆடி முடிக்க வேண்டும். என்னை ஒரு பந்துகூட அடித்துக்காட்டச் சொல்லவில்லை.

நம் நாட்டில் பயிற்சியாளர்களுக்கு வகுப்பும் சான்றிதழும் தருவது இந்திய கோல்ஃப் யூனியனின் கல்விப் பிரிவான நேஷனல் கோல்ஃப் அகாடமி. 2006-இல் தொடங்கிய பி.ஜி.டி.ஐ. தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்பு. அதில் ஆடத் தகுதி பெறுவது வேறு, பயிற்சியாளர் சான்றிதழ் பெறுவது வேறு. இரண்டையும் குழப்பித்தான் அந்த நபர் பேசினார். தாங்கள் சங்கமாகப் பதிவு செய்தவர்கள் என்று எண்ணையும் காட்டினார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். நமக்குச் சான்றிதழ் தரும் தகுதி அதனால் வந்துவிடாது. காப்பீடு உண்டு என்றால் பாலிசி நகலைக் கேளுங்கள். வாங்கிய நகலை அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே காட்டிச் சரிபாருங்கள்.

ஏமாந்தது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தேன். பணம் போய் மாதக்கணக்காகிவிட்டதால் முடக்கிவைக்க அந்தக் கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை. அனுப்பிய அன்றே அழைத்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

சென்ற வாரம் என்னோடு முன்பு பை சுமந்த தம்பி ஒருவர், தாமும் சங்கத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லி அட்டையை எடுத்துக் காட்டினார். சங்கத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தது. அதே நாடா, அதே ஹாலோகிராம், பின்புறத்தில் அதே டூ வீலர் பாலிசி எண். அவரிடம் வாங்கியது ₹45,000.